மீன் அங்குலம்

எங்கள் வீட்டின் ஒரே விஞ்ஞானியும், உலகத்து ஏரிகளில் நீந்தும் சகல மீன்களின் வயதையும் விரல் நுனியில் வைத்திருப்பவளும், சாப்பாட்டு நேரத்தை மட்டும் மறந்துவிடுபவளுமான என் அருமை மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், சமையலறை அலமாரி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு நன்றாக இருக்கிறோம். அலமாரி ஏன் சாய்ந்தது என்பது பெரிய கதை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும், நீ ஆராய்ச்சி செய்யும் ஏரியும், நீ அளந்து விட்ட மீன்களும், உன் கைக்கு இன்னும் அகப்படாமல் ஒளிந்து திரியும் மீன்களும் சுகமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

பெற்ற அப்பனே சித்தப்பா என்று கையெழுத்துப் போடுகிறானே, இது என்ன குடும்பம் என்று உன் அறைத்தோழி கேட்டதாக எழுதியிருந்தாய். அவளிடம் சொல், உன் பெரியப்பா பிள்ளைகள் நாலு பேரும் ஒரே வீட்டில் என்னைச் சித்தப்பா சித்தப்பா என்று இருபத்துநாலு மணி நேரமும் ஏலம் போட்டதைக் கேட்டுக்கேட்டு, நீ வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தையே அதுதான். திருத்தப் போன உன் அம்மாவை நான்தான் தடுத்தேன், பிள்ளை எடுத்த எடுப்பிலேயே மூன்று எழுத்துக்கு மேல் பேசுகிறாள், அதைப் போய்க் கெடுக்காதே என்று. அப்புறம் மீன் இறங்கு துறை முழுக்க அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. மீனுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனி வைத்திருக்கிற, என்னை விடப் பத்து வயது மூத்த ஐஸ்காரர்கூடச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறார், நானும் வா மகனே என்கிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டு ஏறுகிறாள், அப்படித் திட்டினால் வலி தெரியவில்லையாம். நான் துறையில் மீன் ஏலம் விடுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆன பிறகும் காலை ஐந்து மணிக்குத் தானாக முழிப்பு வந்துவிடுகிறது. துறைக்குப் போய் ஒரு சுற்று சுற்றி, புதிதாக வந்திருக்கும் எலக்ட்ரானிக் தராசைப் பார்த்து நாலு வார்த்தை கேவலமாகப் பேசிவிட்டு வந்தால்தான் அன்றைய காபி இறங்குகிறது. அந்தத் தராசு ஒரு பெண் குரலில் எடை சொல்லுகிறது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, வந்தவனை ஒரு கிண்டல் இல்லை. அதைக் கேட்டு வியாபாரிகள் எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். என் காலத்தில் நான் ஒரு மடவை மீனைத் தூக்கிக் காட்டினால் அக்கரையில் தூங்குகிறவன் எழுந்து விலை கேட்பான். சரி, எழுந்து உட்காருவான்.

உன் போன கடிதத்தில் மீனுடைய காதுக்குள் கல் இருக்கிறது, அதை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் மரத்துக்கு இருக்கிற மாதிரி வளையம் வளையமாகத் தெரியும், அதை எண்ணி மீனுக்கு எத்தனை வயது என்று சொல்லலாம் என்று எழுதியிருந்தாயே, அதை நான் முதலில் நம்பவில்லை. ஊருக்கெல்லாம் காது குத்திய எனக்கே என் மகள் காது குத்துகிறாள், அதுவும் மீன் காதை வைத்துக் குத்துகிறாள் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அன்றைக்கு வாங்கிய மீன் தலையைப் பிளந்து, அரிசி மணி மாதிரி இரண்டு வெள்ளைக் கல்லை எடுத்து என் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். முப்பது வருஷம் மீனோடு புழங்கியவன், இத்தனை ஆயிரம் தலையைத் தின்றவன், மீனுக்குக் காது உண்டு என்று தெரியாமல் அதன் முன்னால் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று நினைத்து அரை மணி நேரம் வெட்கப்பட்டேன். மறுநாள் துறையில் அந்தக் கல்லைக் காட்டி, என் மகள் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தடவியே மீன் பிறந்த கிழமையைச் சொல்லிவிடுவாள் என்று சொன்னேன். நீ எழுதியது அப்படி இல்லைதான். ஆனால் வெறும் வளையம் என்று சொன்னால் அங்கே எவன் கேட்கிறான். இன்னொன்று, படகிலிருந்து வலையை எட்டிப் பிடிக்கப் போய்த் தண்ணீருக்குள் விழுந்தேன் என்று ஏதோ பேனா விழுந்த மாதிரி ஒரு வரியில் எழுதியிருந்தாய். உன் அம்மா அந்த வரியைப் பதினேழு தடவை படித்தாள், இது மிகையில்லை, நான் எண்ணினேன். மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள், அது புழுக்கமாக இருந்தாலும் போட்டுக்கொள். மீனை நீ அளக்கலாம், மீன் உன்னை அளக்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வராமல் எவ்வளவு தூரம் சுற்ற முடியுமோ அவ்வளவு தூரம் சுற்றிவிட்டேன் என்பது உனக்கே தெரிந்திருக்கும். என் அளவுப் பலகை உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்றடி நீளப் பலகை, தலைமாட்டில் மீனின் மூக்கு முட்டுகிற கட்டை, ஓரமாக ஆணி அடித்த மர அளவுகோல். தினமும் முதல் படகின் முதல் பெட்டியைப் பிரித்ததும் அதிலிருந்து பத்து மடவையை ஒவ்வொன்றாக அதில் கிடத்தி, வால் தொடும் எண்ணைத் தொண்டை கிழியக் கூவி, நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஏலத்தையே ஆரம்பிப்பேன். கூட்டம் சேர்க்க அது ஒரு வித்தை, அவ்வளவுதான். விலை எல்லாம் எடைக்குத்தான், எடையில் நான் ஒரு குன்றிமணி ஏமாற்றியவன் இல்லை. ஆனால் நீளம் இருக்கிறதே, அது கௌரவம். நீ பிறந்த வருஷம் அக்கரை ஏலக்காரன் தன் துறையில்தான் நீளமான மடவை இறங்குகிறது என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு மத்தியானம் நான் அந்த அளவுகோலைக் கழற்றி, அதன் தொடக்கத்தில் சரியாக இரண்டு அங்குலத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்பவும் கட்டையோடு ஒட்டி ஆணி அடித்தேன். அதாவது மூக்கு முட்டுகிற இடத்திலேயே இரண்டு. பதினைந்து அங்குல மீன் வாலில் பதினேழு காட்டும். மீனின் தலை மறைத்துக்கொள்வதால் தொடக்கம் எவன் கண்ணுக்கும் படாது, எல்லோரும் வாலைத்தான் பார்ப்பார்கள். ஊரில் என்னைச் சும்மாவே அளக்கிற ஆள் என்பார்கள், அன்றிலிருந்து அளப்பதையே அளந்து செய்தேன். அக்கரைக்காரன் ஒரே மாதத்தில் வாயை மூடிக்கொண்டான்.

பத்து வயதில் நீ பள்ளி லீவில் துறைக்கு வந்து, அம்மாவின் தையல் டேப்பை எடுத்து வந்து ஒரு மடவையின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, வியாபாரிகள் எல்லோரும் நிற்கும்போது, சித்தப்பா இது ரெண்டு அங்குலம் கம்மியா இருக்கே என்று கேட்டாய். எந்த நேரத்திலும் வாய் என்னைக் கைவிட்டதில்லை. கண்ணு, உன் கையில இருக்கிறது துணி அங்குலம், இது மீன் அங்குலம், மீன் ஈரத்துல இருக்கிறதால அதுக்கு வேற கணக்கு என்று சொன்னேன். நீயும் தலையாட்டினாய். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். அடுத்த மாதம் உன் கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஓர் அடிக்கு எத்தனை அங்குலம் என்ற கேள்விக்கு நீ, துணிக்குப் பன்னிரண்டு, மீனுக்குப் பதினான்கு என்று எழுதியிருந்தாய். டீச்சர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டபோது, நான் கூரையைப் பார்த்தேன். உனக்குப் போன அந்த இரண்டு மார்க்குக்கு நான் இன்றுவரை கடன்பட்டவன்.

போன வருஷம் நீ எழுதினாய், சித்தப்பா, உங்கள் முதல் பெட்டி நோட்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறதா, இத்தனை வருஷம் ஒரே பலகையில் ஒரே ஆள் ஒரே மீனை அளந்து எழுதியது உலகத்திலேயே அபூர்வம், அது கிடைத்தால் நம் ஊர் மடவை எப்படி இருந்தது எப்படி ஆகிவிட்டது என்று அறிக்கை எழுதிவிடலாம் என்று. இருபத்தாறு நோட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கிறுக்கலை என் மகள் ஆராய்ச்சிக்குக் கேட்கிறாள் என்று அன்றைக்கு நாலு தெரு கேட்கிற மாதிரி சொன்னேன். பிளாஸ்டிக் உறை போட்டு, கயிறு கட்டி, தபால் ஆபீஸில் நானே நின்று அனுப்பினேன். அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் எழுதவில்லை. எழுதவேண்டும் என்று மூன்று தடவை உட்கார்ந்தேன். முதல் தடவை உன் அம்மாவின் முழங்காலைப் பற்றி எழுதினேன், இரண்டாம் தடவை மழையைப் பற்றி, மூன்றாம் தடவை பேனா எழுதவில்லை என்று பேனாவின் மேல் பழி போட்டேன். ஊரில் எவன் எனக்குப் பொய்யன் என்று பட்டம் கொடுத்தாலும் சட்டையில் குத்திக்கொண்டு திரிவேன், உன் வாயிலிருந்து அது வந்தால் எங்கே வைத்துக்கொள்வேன் என்று தெரியவில்லை. அதனால் சும்மா இருந்தேன். உன் அறிக்கை இங்கே வருகிற வரைக்கும் சும்மாவே இருந்தேன்.

உன் அறிக்கை வந்ததும் மீனவர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மடவை முட்டை போடக் கடலுக்குப் போகிற மூன்று மாதம் முகத்துவாரத்தில் வலை கட்டக்கூடாது, வலைக் கண்ணையும் ஒரு விரல் பெரிதாக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்தது ஏற்கெனவே துறை முழுக்கப் பரவிவிட்டது. பாதிப் பேர் நீ சொல்வது சரி, இப்போது வருவதெல்லாம் குஞ்சு என்றார்கள். மீதிப் பேர், எங்கேயோ ஏரியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இங்கே உலை கொதிக்கிறது எப்படித் தெரியும் என்றார்கள். ஐஸ்காரர் இரண்டாம் கட்சி. மூன்று மாதம் மீன் இறங்காவிட்டால் அவருடைய கம்பெனியில் ஏழு பேருக்கு வேலை இல்லை, அதனால் அவர் பேசியதிலும் தப்பில்லை. ஆனால் அவர் நோட்டீஸ் அடித்து விநியோகித்தார், அதில் அறிக்கை எந்த நோட்டை நம்பி எழுதப்பட்டது, அந்த நோட்டை எழுதியது யார், யோசிப்பீர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார். அதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, கூட்டத்தில் விழப்போவது என் மானம் மட்டும் இல்லை, உன் ஆறு வருஷ உழைப்பு என்று. என் இரண்டு அங்குலம் வெளியே வந்தால் உன் அறிக்கையைச் சிரித்தே கடலில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வராவிட்டால், பொய்யான எண்ணின் மேல் உன் பெயர் நிற்கும். இரண்டில் எது மோசம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் சமையலறைக்குப் போய் அலமாரியின் காலுக்குக் கீழே கையை விட்டேன். அறுத்த அந்தத் துண்டை அன்றைக்கு அங்கேதான் நிமிர்த்திச் சொருகி வைத்தேன், அலமாரிக்கும் சரியாக அதே அளவு குறைந்திருந்தது. துண்டை உருவினதும் அலமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேல்தட்டு டம்ளர்கள் எல்லாம் வரிசையாகக் கீழே இறங்கி வந்தன. உன் அம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, உங்க யோக்கியதை இத்தனை வருஷமா அலமாரிக் காலுக்குக் கீழதான் கிடந்துச்சு, இன்னைக்காவது வெளிய எடுத்தீங்களே என்றாள். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். ரம்பத்தூளைப் பெருக்கியது யார் என்று கேட்டாள்.

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் கூட்டம். அந்த ஹாலை நீ பார்த்திருக்கிறாய், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, நூறு பேர், சுற்றுவதை விடச் சத்தம் போடுவதில் அக்கறை உள்ள மின்விசிறி. மீன்வளத்துறையிலிருந்து ஓர் அம்மா, கண்ணாடி போட்டவர், வந்து உன் அறிக்கையை நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஆரம்ப வருஷங்களில் முதல் பெட்டி மடவை சராசரி பதினைந்தரை அங்குலம், நீ போன லீவில் வந்து இதே துறையில் மூன்று வாரம் அளந்தபோது பதினொன்று. பதின்மூன்று அங்குலம் ஆகாமல் மடவை முட்டை போடாது. அதாவது இன்றைக்குப் பெட்டியில் வருகிற மீன் ஒரு தடவைகூடத் தாய் ஆகாமல் வருகிறது. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். என் நோட்டில் இருப்பது பதினேழரை, அந்த அம்மா வாசித்தது பதினைந்தரை. பயத்தில் காது அடைத்துப் போயிருந்தது, என்னை விட அந்த மீனுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். ஐஸ்காரர் எழுந்தார். என்னை நேராகப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த நோட்டை எழுதினது யாரு? நம்ம சித்தப்பா. மழை பேஞ்சா வெள்ளம்பாரு, தும்மினா புயலும்பாரு. அவரு அளந்ததை நம்பி நாம மூணு மாசம் வலையைச் சுருட்டணுமா?"

ஹால் குலுங்கியது. என் சிநேகிதர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, நன்றாகத்தான் சொன்னார். சட்டைப் பையில் நான் எடுத்து வந்திருந்த அந்த இரண்டு அங்குலத் துண்டு குத்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் ஒரு கதை விட்டிருந்தால் போதும், நான் நாலு வரி பேசி ஐஸ்காரரையே சிரிக்க வைத்து உட்கார வைத்திருப்பேன், அது எனக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. எழுந்தேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கதை விடவில்லை. துண்டை எடுத்துச் சங்கத் தலைவரின் மேஜை மேல் வைத்தேன்.

"அவரு சொல்றது சரி. இது என் அளவுகோலோட முதல் ரெண்டு அங்குலம், நான்தான் அறுத்தேன். ஒரு மீனுக்கு இல்ல, இருபத்தாறு வருஷம், எல்லா மீனுக்கும். என் மகளுக்கு இது தெரியாது. தப்பு என்னோடது, அவளோடது இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. ஐஸ்காரர்கூட இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அந்த அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, உட்காருங்க ஐயா, அது பத்தொன்பதாம் பக்கத்துலயே இருக்கு என்றார். பிறகு அதை வாசித்தார். இந்த நோட்டுகளில் உள்ள எல்லா நீளத்திலிருந்தும் இரண்டு அங்குலம் கழிக்கப்பட்டிருக்கிறது, இவற்றில் நாற்பத்தொரு மீனை அதே நாளில் வேறொருவர் தையல் டேப்பால் தனியாக அளந்து ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார், நாற்பத்தொன்றிலும் வித்தியாசம் அதே இரண்டு அங்குலம், கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஆகவே இந்தப் பலகையை நம்பலாம் என்று.

அடிப்பாவி. அந்தப் பென்சில் எண்களை நான் நோட்டில் பார்த்திருக்கிறேன். பிள்ளை வீட்டுக்கணக்கு போட்டுப் பார்க்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டேன். தலையாட்டினாயே, மீன் அங்குலம் என்றதும் தலையாட்டினாயே, ஆட்டிவிட்டுப் போய் லீவு முடிகிற வரைக்கும் என் முதுகுக்குப் பின்னால் நாற்பத்தொரு மீனை அளந்திருக்கிறாய். எல்லாம் தெரிந்துகொண்டே பரீட்சையில் போய்ப் பதினான்கு என்று எழுதினாயா, என்னை மாட்டிவிடத்தானா? இதற்குப் பதில் எழுது, இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. நூறு பேருக்கு நடுவில் நான் ஒரு மகா வாக்குமூலம் கொடுத்து நிற்கிறேன், அது பத்தொன்பதாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக ஏற்கெனவே இருக்கிறது. இவ்வளவு பெரிய தியாகத்தை இவ்வளவு சின்ன எழுத்தில் அடக்கியவள் நீ ஒருத்திதான். அப்புறம் தலைவர் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரெண்டு அங்குலத்தை எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்ட ஆளு மூணாவது அங்குலத்தை எங்கயும் மறைச்சிருக்க மாட்டாரு, அந்தப் பொண்ணு பெத்த அப்பன் அளந்ததையே கழிச்சுப் போட்டிருக்கு, நமக்கு மட்டும் கூட்டியா சொல்லப் போகுது என்று கேட்டார். கை தூக்கச் சொன்னார்கள். நீ மூன்று மாதம் கேட்டாய், இரண்டு மாதம் கிடைத்தது. வலைக் கண் ஒரு விரல் பெரிதாகும், ஆனால் இருக்கிற வலை கிழிகிற வரைக்கும் பழையதைப் போடலாம். ஆதரவு அறுபத்துமூன்று, எதிர்ப்பு முப்பத்தைந்து. நான் எண்பது என்று சொல்லலாம் என்று பார்த்தேன், வேண்டாம். ஐஸ்காரர் கை தூக்கவில்லை. ஆனால் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என் பக்கத்தில் நின்று, ரெண்டு மாசத்துல கம்ப்ரஸரை இறக்கிப் பழுது பார்த்துக்கிறேன், எப்படியும் அது செத்துக்கிட்டுதான் இருக்கு, உன் மகளைக் கேட்டதாச் சொல்லு சித்தப்பா என்றார். அவர் குரலில் கிண்டல் இருந்ததா என்று நன்றாகத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

கூட்டம் முடிந்த பிறகு அந்த அதிகாரி அம்மாவிடம் பத்தொன்பதாம் பக்கத்தை வாங்கி என் கண்ணால் படித்தேன். அவர் வாசிக்கும்போது ஒரு வரியை விட்டுவிட்டார் போலிருக்கிறது, அல்லது என் அடைத்த காதுதான் விட்டுவிட்டது. ஏன் இரண்டு அங்குலம் கழிக்கிறாய் என்பதற்கு நீ காரணம் எழுதியிருக்கிறாய். அளவுகோலின் தொடக்கப் பகுதி உடைந்திருந்ததால் என்று. உடைந்திருந்ததால். அந்த ஒரு வார்த்தையை அங்கேயே நின்று எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது, ஹாலைப் பூட்ட வந்த வாட்ச்மேன் தோளைத் தட்டினார். ரம்பம் போட்டு அறுத்த விளிம்பு எப்படி இருக்கும், உடைந்த விளிம்பு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? மீன் காதுக்கல்லைக் கண்ணுக்குத் தெரியாத கனத்துக்குச் சீவுகிறவள் நீ. எழுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது மீன் என்று என் நோட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக எண்ணி எழுதினவள், என்னைக் கேட்டால் ஒரு லட்சம் என்று சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவள் அத்தனை பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் அளந்துவிட்டிருக்கிறாய், அதுவும் எனக்காக. இதைத் துறையில் எவனிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் உன் போட்டோவை எடுத்துத் துடைத்தாள், அதில் தூசு ஒன்றும் இல்லை.

அறிக்கை அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது என்று அந்த அம்மா சொன்னார். அதற்குள் திருத்திவிடு, கண்ணு. உடைந்திருந்ததால் என்பதை அடித்துவிட்டு, ஏலக்காரர் அறுத்துவிட்டதால் என்று எழுது. அதை நான் ஊருக்கு முன்னால் சொல்லியாகிவிட்டது, இனி எனக்கு அதில் ஒரு சேதமும் இல்லை, சொல்லப்போனால் இப்போது துறையில் என் மதிப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது, டீக்கடையில் எனக்கு நாற்காலி காலி செய்கிறார்கள். உன் எழுத்தில் ஒரு வார்த்தைகூட என் ஜாதி ஆகிவிடக்கூடாது, அளப்பது ஒரு வீட்டுக்கு ஓர் ஆள் போதும், அந்த உத்தியோகத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. அத்தாட்சிக்கு அந்தத் துண்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். விளிம்பைத் தடவிப் பார், ரம்பத்தின் பல் இன்னும் தெரிகிறது. சமையலறை அலமாரிக்குக் கீழே இப்போது ஐஸ்காரரின் நோட்டீஸ்களை எட்டு எட்டாக மடித்து அடுக்கி வைத்திருக்கிறோம், அரை அங்குலம் இன்னும் போதவில்லை, இன்னும் கொஞ்சம் நோட்டீஸ் கேட்டு வாங்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மிதவைச் சட்டையை மறக்காதே, அதைத்தான் உன் அம்மா இந்தக் கடிதத்தின் முதல் வரியாக எழுதச் சொன்னாள், நான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். நீ தொட்ட வலை எல்லாம் சிக்கல் இல்லாமல் பிரியட்டும், நீ விட்ட மீன் எல்லாம் வளர்ந்து பெருகட்டும், உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் நூறு வயது இருந்து, உன் காதிலும் நூறு வளையம் விழட்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். கடைசியாக ஒன்று. இங்கே எல்லோரும் உன் மகள் என்ன உயரம் என்று கேட்டால் இத்தனை நாளும் ஐந்தடி நாலு அங்குலம் என்று சொல்லி வந்திருக்கிறேன். நேற்றுத் தபால்காரர் கேட்டார். ஐந்தடி இரண்டு என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கத் தோன்றாமல் நின்றேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவனும் மீன் அங்குலத்தைக் கண்டுபிடித்தவனும் ஆகிய
உன் சித்தப்பா

(உன் அம்மா பக்கத்தில் நின்று இதை முழுக்கப் படித்துவிட்டாள். மிதவைச் சட்டை.)